கடைசியாக அவன் என்ன சொன்னான்

என் தம்பிக்கு மீசை கிடையாது. ஆசையாக வளர்த்துப் பார்த்தான், வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அவனுடைய மார்பளவுச் சிலைக்கு மட்டும் நல்ல முறுக்கு மீசை. சிலை திறந்த அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். "பட்டாளத்துக்காரர்னா மீசை இருக்கோணுமுங்க அம்மணி, அப்பத்தான் பசங்க நிமிந்து பாப்பாங்க" என்றார். நல்ல மனுஷர். தம்பிக்குப் பாடம் எடுத்தவர். அவனுடைய சவப்பெட்டி ஊருக்கு வந்த அன்று எங்களைவிட அதிகம் உடைந்துபோனவர் அவர்தான். அதனால் மீசை விஷயத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

எங்கள் ஊருக்கு, பள்ளிக்கூடம் இருக்கிற கருமத்தம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் உள்ளே போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் தோட்டக் கூலிக்குப் போய்த்தான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள். தம்பி பட்டாளத்தில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்றுதான் காரணம் என்று சிலைக்குக் கீழே எழுதியிருக்கிறது. கூட்டாளிகள் ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனார்கள், இவனும் போனான். நன்றாக ஓடுவான், எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வேலையின் மேல் அவனுக்கு உண்மையாகவே பிடிப்பு வந்தது, அதை நான் மறுக்கவில்லை.

என் மகளுக்குக் காது குத்தியபோது லீவில் வந்திருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். ஆசாரி ஊசியை எடுத்ததும் இவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மெதுவாங்க, மெதுவாங்க" என்று கத்தினான். குழந்தை அழவே இல்லை. எல்லையில் துப்பாக்கி பிடிக்கிறவன் இந்த அழகில் இருக்கிறானே என்று சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. நான் நினைத்துக்கொள்ளும் தம்பி இவன்தான், ஆனால் சிலைக்குக் கீழே இவனுக்கு இடம் இல்லை.

அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை, பெட்டிதான் வந்தது. கூடவே வந்த பாலக்காட்டுச் சிப்பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தூக்கத்துலயே போயிட்டான் சேச்சி. குண்டு வந்து விழுந்தது. ஒண்ணும் அறிஞ்சிருக்க மாட்டான்" என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அம்மாவிடமும் அன்றைக்கே சொன்னேன். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தார், காதில் ஏறியதா என்று தெரியவில்லை. பெண்கள் கூடி அழ உட்கார்ந்தபோது, மைக் வைத்திருந்த ஒருவர் வீரத்தாய் அழக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைப் பிடித்து நாலு வாங்கு வாங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கும் தெம்பு இல்லை.

முதல் நினைவு நாளில் தலைமை ஆசிரியர் பேசினார். பேச்சின் முடிவில், "எங்கள் மாணவன் கடைசியாகச் சொன்னது இதுதான்: அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மறுவருஷம் அந்த வரி சிலைக்குக் கீழே கல்லில் ஏறியது. அவர் வீடு தேடிப் போய்க் கேட்டேன். "நாலு பசங்க மனசுல தைக்கோணுமுல்லீங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. தூங்கும்போது செத்தவனை வைத்து எந்த வகுப்பில் என்ன பாடம் நடத்த முடியும்? நாங்கள் படித்த காலத்திலும் போர் என்றால் காரணங்கள், விளைவுகள், அவ்வளவுதான். இரண்டையும் மனப்பாடம் செய்து நானும் மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த விளைவுகளில் யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

ஆனால் அந்த வரி அம்மாவின் வாயைக் கட்டிப்போட்டது. கல்யாண வீட்டிலோ மாதா கோயிலிலோ அவர் கண் கலங்கினால் போதும், பக்கத்தில் இருக்கிறவர்கள், "உங்க பையனே அழ வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் போயிருக்கானுங்க" என்பார்கள். அம்மா உடனே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். கல்லறைத் திருநாளில் எல்லோரும் அழுகிற இடத்திலும் மெழுகுவத்தியைப் பிடித்தபடி கல்லாக நிற்பார். இப்படியே போனால் உள்ளுக்குள்ளேயே வெந்து போய்விடுவார் என்று பயந்தேன். அந்த வரியை எழுதியவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

போன நினைவு நாளில் விழாவோடு வினாடி வினாவும் வைத்தார்கள். அதே பள்ளியில் எட்டாவது படிக்கிற என் மகள் ஓர் அணியில் இருந்தாள். அம்மாவுக்கு வழக்கம்போல முன்வரிசை நாற்காலி, பொன்னாடை. அவன் உயிரோடு இருந்தவரை இந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களை யாரும் முன்வரிசைக்குக் கூப்பிட்டதில்லை.

"நம் பள்ளி தந்த மாவீரர் கடைசியாகச் சொன்னது என்ன?" என்று வாத்தியார் கேட்டார். இவளுடைய முறை.

"ஒண்ணும் சொல்லலீங்க சார். மாமா தூங்கிட்டு இருந்தாங்க."

கூடம் சிரித்தது. வாத்தியார் தன்மையாக, "நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு, கல்லுலயே எழுதியிருக்குதே" என்றார்.

"எழுதியிருக்குதுங்க சார். ஆனா மாமா சொல்லலீங்க."

தவறு என்று அறிவித்து அடுத்த அணிக்குக் கேள்வியைத் தள்ளினார்கள். அந்த அணிப் பையன் கல்லில் இருந்ததைப் பிசிறில்லாமல் ஒப்பித்தான். பலத்த கைதட்டல். சொந்த மாமனைப் பற்றிய கேள்வியில் என் மகள் தோற்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஒரே பெருமை.

திரும்பும்போது பஸ்ஸில் ஓரளவு கூட்டம். அம்மா எனக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். சோமனூர்ப் பிரிவு தாண்டியதும் பேத்தியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, நெசமாலுமே அவன் ஒண்ணும் சொல்லலியா?"

மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலமும் அந்த வரியை அம்மா நம்பியிருக்கிறார். அது அழுகையைத் தடுத்த வரி என்றுதான் நான் பார்த்தேன். சாகும்போது பையன் தன்னை நினைத்தான் என்பதற்கு அவர் கையில் இருந்த ஒரே சாட்சியும் அதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 'சொன்னானுங்கம்மா' என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் என் மகள் இருந்தாள்.

"இல்லீங்கம்மா. தூக்கத்துலயே போயிட்டான். வலிச்சிருக்காது."

 "அப்ப அழ வேண்டாம்னு அவன் சொல்லல" என்றார் அம்மா. அதற்கப்புறம் வந்த சத்தத்தை நான் அதுவரை அம்மாவிடமிருந்து கேட்டதே இல்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். முன் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெண் ஒருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, எழவு வீட்டில் செய்வதுபோல அம்மாவின் தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டார்.

"ஆருங்க தவறிப்போனாங்க?"

"எம் பையனுங்க."

"அய்யோ சாமி. எப்பங்க?"

அம்மா அழுகைக்கு நடுவில் சொன்னார். "இப்பத்தானுங்க."