இருளப்பன் வாயில் ஊற்றிய மண்

வாசலில் பந்தல் போட்டிருந்தது. வண்டி ஓட்டி வந்தவர் தெருமுனையிலேயே பிரேக்கை மிதித்து, "சிஸ்டர், முடிஞ்சு போச்சு போல" என்றார்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில் உள்ளடங்கிய ஊர் அது. குணமாக்க முடியாத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் கேர் நர்ஸாக அருப்புக்கோட்டையிலிருந்து வாரம் இரண்டு தடவை அந்தப் பக்கம் போவேன். வலிக்கு மாத்திரை கொடுப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ட்யூப் மாற்றுவது, வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவது. இதில் கடைசி வேலைதான் கஷ்டம். அதில்தான் நான் சறுக்கினேன்.

இருளப்பனுக்கு அறுபத்தாறு வயது. வயிற்றில் கேன்சர். மதுரையில் ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இறந்திருந்தால் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கோபம் வந்தது. துக்கம் கேட்கும் முகத்தை வைத்துக்கொண்டு இறங்கினேன். பந்தலுக்குள் திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போன சொந்தமெல்லாம் ப்ளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தது. சின்ன மருமகள் காளீஸ்வரி எழுந்து வந்தாள்.

"வாங்க சிஸ்டர். மாமாவுக்கு இன்னும் உசுரு போகல. நீங்க ரெண்டு நாள்தான்னு சொன்னீக. இன்னைக்கு மூணாவது நாளு. எல்லாரும் லீவு போட்டுட்டு வந்து உக்காந்திருக்காக."

வராத பஸ்ஸைப் பற்றி டைம்கீப்பரிடம் கேட்பது போலக் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்தல் உயிரோடு இருக்கிற மனிதனுக்கு. போடச் சொன்னது நான்.

உள்ளே போனேன். மூத்த மகன் பாண்டி அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தார். இளையவன் செந்தில் சங்கில் எதையோ மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டிருந்தான். செம்மண் நிறத்தில் தண்ணீர். கடைவாயில் வழிந்து பனியனெல்லாம் கறை. தொண்டையில் களகளவென்று சத்தம்.

"என்னய்யா செய்றீங்க!" என்று போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"மண்ணாசையில உசுரு நிக்கிதுன்னு பெரியவுக சொன்னாக சிஸ்டர்" என்றார் பாண்டி. "புஞ்சை மண்ணக் கரைச்சு ஊத்துனா நிம்மதியாப் போயிருவாருன்னாக. அவரு இழுத்துக்கிட்டு கெடக்குறதப் பாக்க முடியல." அழுதுகொண்டேதான் சொன்னார்.

உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றும் வழக்கம் இந்தப் பக்கம் உண்டு என்று எனக்குத் தெரியும். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் துணி சுற்றி வாய்க்குள் இருந்த மண்ணை வழித்தேன். இருமல் வந்தது. நல்லவேளை, இருமுகிற பலம் இருந்தது.

சனிக்கிழமை நான் செய்தது

இதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை. சனிக்கிழமை அவர் கண் திறக்கவில்லை, சாப்பிடவில்லை, கூப்பிட்டால் முனகினார். "ஒண்ணுக்குப் போறாரா?" என்று கேட்டேன். "துளித்துளியாப் போகுது, வேட்டி நனைஞ்சுக்கிட்டேதான் இருக்கு" என்றாள் காளீஸ்வரி. சரி, போகிறது என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு இன்னும் நான்கு வீடு பாக்கி. அடிவயிற்றை அழுத்திப் பார்க்கவில்லை. நேற்றுப் படித்து வந்த பிள்ளைகூட அதைச் செய்திருக்கும். வாசலில் நின்றபடியே, "சொல்லவேண்டியவுகளுக்குச் சொல்லி விட்டுருங்க. ரெண்டு நாள் தாண்டுறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினேன்.

இப்போது அழுத்தினேன். தொப்புள் வரைக்கும் கல்லு மாதிரி. சிறுநீர் அடைத்து, நிரம்பி, வழிந்ததைத்தான் அவள் துளித்துளியாகப் போகிறது என்று சொல்லியிருக்கிறாள். சிறுநீர் இறங்கக் கத்தீட்டர் குழாய் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விட்டதில் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் இறங்கியது. டாக்டருக்குப் போன் போட்டேன். நீர் அடைத்ததில் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வெளியேறாமல் உடம்பில் தங்கிப்போயிருக்கும், அதுதான் அந்த மயக்கம், இன்றைக்கு மாத்திரையை நிறுத்திவைத்துப் பாருங்கள் என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாவு என்று நான் நாள் குறித்தது வெறும் நீரடைப்பு.

வீட்டாரிடம் சொன்னேன். "தப்பு எம் பேர்லதான். நான் சரியாப் பாக்கல." செந்தில் கையிலிருந்த சங்கைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுநாள்

மறுநாள் காலையில் முதல் வேலையாக அங்கேதான் போனேன். பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள்ளேயே கட்டிலைப் போட்டு, தலையணை அண்டக் கொடுத்து இருளப்பனை உட்கார வைத்திருந்தார்கள். கண்ணில் தெளிவு இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாம்மா. எனக்குப் போட்ட பந்தல்ல நானே உக்காந்திருக்கேன் பாரு. யாருக்குக் கெடைக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டு, மகன்கள் பக்கம் திரும்பினார்.

"அந்த மண்ண எங்கடா எடுத்தீக?"

மூன்று நாள் கண் திறக்காத மனிதர். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவரைச் சுற்றி உட்கார்ந்து எரிப்பதா புதைப்பதா என்று பேசியதும் விழுந்திருக்கும்.

"நம்ம புஞ்சையிலதாம்ப்பா" என்றான் செந்தில்.

"பொய் சொல்லாதடா. எம் புஞ்சை கரிசலு. நாக்குல போட்டா மாவு மாதிரி ஒட்டும். நீ ஊத்துனது நரநரன்னுச்சு. ரோட்டோரத்துச் செவக்காட்டு மண்ணு. முப்பது வருசம் பாடுபட்டவனுக்குத் தெரியாதா?"

செந்தில் தலை குனிந்தான். பாண்டிதான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சொன்னார். "புஞ்சை நம்மகிட்ட இல்லப்பா. நீங்க எங்க பேருக்கு எழுதிக் குடுத்தத ஒங்க ஆபரேசனுக்கு வித்துட்டோம். வாங்குனவுக கம்பி வேலி போட்டு கேட்டப் பூட்டிட்டாக. உள்ள போக முடியல."

இருளப்பன் முகத்தை அன்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். எத்தனையோ பேருக்குக் கேன்சர் என்று சொல்லும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். யார் முகமும் அப்படி வெளிறியதில்லை.

"பொழைக்காத ஒடம்புக்கா வித்தீக?" என்றார். பாண்டி பக்கம் திரும்பி, "எங்கிட்டக் கேட்டிருந்தா விடமாட்டேன்" என்றார்.

"அதனாலதான் கேக்கல" என்றார் பாண்டி.

யூரின் பையை மாற்றிவிட்டுக் கிளம்பினேன். வண்டியில் ஏறியதும் அழுதுவிட்டேன். நான் நாள் குறிக்காமல் இருந்திருந்தால் அந்த மண்ணைக் கரைத்திருக்க மாட்டார்கள். நிலம் இருக்கிறது என்ற நினைப்போடே அவர் போயிருப்பார். அதை என் வாய் பறித்துவிட்டது.

அதன்பிறகு ஆறு வாரம் இருந்தார். வலி இல்லாமல் வைத்திருந்தேன், அதில் குறை வைக்கவில்லை. முதல் வாரம் மகன்களோடு பேசவில்லை. அப்புறம் பேசினார். மூச்சு மாறத் தொடங்கியபோது காளீஸ்வரி என்னிடம், "இன்னும் எத்தன நாளு சிஸ்டர்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். மூச்சு இப்படி மாறும், கை கால் சில்லிடும், பேசுவது கேட்கும், அதனால் பக்கத்தில் இருந்து நல்லதாகப் பேசுங்கள் என்று மட்டும் சொன்னேன். இன்றுவரை எந்த வீட்டிலும் நான் சொல்வது இதுதான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் நோயாளியின் அடிவயிற்றில் கை வையுங்கள். நாள் கணக்கு மட்டும் உங்கள் வாயில் வரவேண்டாம்.

இருளப்பனுக்கு மூச்சு மாறத் தொடங்கிய அன்று மத்தியானம் பாண்டி, நிலம் வாங்கினவரைத் தேடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, வேலியைத் திறக்கச் சொல்லி ஒரு டம்ளர் மண்ணோடு வந்தார். தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்.

"ஊத்தலாமா சிஸ்டர்?"

"வாயில வேணாம். கையில வைங்க" என்றேன்.

கறுப்பு மண். இருளப்பனின் உள்ளங்கையில் வைத்தார்கள். கண் திறக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் அசைந்து, மண்ணை இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தது. பிறகு விரல்கள் மூடின.