எல்கானா விட்காமின் இரண்டு நாற்காலிகள்

எல்கானா விட்காம் எங்கள் டார்வெல் ஊருக்குத் தகரப் பாத்திர வண்டியோடு வந்தார். பாத்திரம் விற்றவர் கடை வைத்தார். கடையின் மூலையில் ஓர் இரும்புப் பெட்டியை வைத்து, அதை வங்கி என்றார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பார். ஜோயல் டார்பெல் காய்ச்சலில் செத்தபோது குழிக்குள் இறங்கிச் சவப்பெட்டியை வாங்கிக் கிடத்தியவர் அவர்தான். ஜோயலின் மனைவி லவீனா அதை மறக்கவில்லை.

ரயில் கம்பெனிக்கும் தலைவரானபோது அவர் முதலில் போனது லவீனாவின் வீட்டுக்கு. பண்ணையை அடமானமாக எழுதிக் கொடுத்தால் கம்பெனியில் பங்கு கிடைக்கும், வட்டியைக் கம்பெனியே கட்டும், ஊருக்குள் ரயில் வந்ததும் நிலத்தின் விலை ஏறும் என்றார். அவள் தயங்கினாள். "ஜோயல் இருந்தா என்னை நம்பியிருப்பான், லவீனா" என்றார். கையெழுத்துப் போட்டாள். அவளைப் பார்த்து ஊரும் போட்டது. ரயில் தேவசித்தம் என்று போதகர் பிரசங்கம் செய்தார்.

அறுவடை முடிந்ததும் அளவைக்காரர்கள் ரயில் பாதைக்காக அவள் ஓட்ஸ் வயலில் அடித்திருந்த முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பாதை தெற்கே சில மைல் தள்ளிப் போனது. அங்கே நிலமெல்லாம் எல்கானாவின் மச்சான் பேரில் முன்பே வாங்கியாகிவிட்டது. இதுவும் தேவசித்தம் என்றார் போதகர்.

"அப்போ தேவன் எல்கானா மச்சானுக்கு மட்டும் முன்னாடியே சொல்லிட்டாரா, போதகரே?" என்று லவீனா கோயிலிலேயே கேட்டாள். சிரித்தவர்கள்கூட அடுத்த வாரம் அந்த மச்சானிடம் மனை கேட்டுப் போனார்கள்.

கம்பெனி அந்த அடமானங்களை எல்கானாவின் வங்கியிலேயே வைத்துக் கடன் வாங்கியிருந்தது. ரயில் கம்பெனித் தலைவர் வட்டி கட்டவில்லை. எனவே வங்கித் தலைவர் ஜப்தி செய்தார். ஒரே ஆள் ஒரு நாற்காலியில் வாக்குத் தவறி, மறு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து தண்டனை விதித்தார். அதற்குப் பெயர் சட்டம்!

பனி இறுகியதும் டார்வெல்லே கிளம்பியது. வீடுகளை நெம்பி, அடியில் மரச் சறுக்குகளைக் கொடுத்து, எருதுகளைப் பூட்டி, தெற்கே ரயில் பாதையோரம் எழும்பிய புது ஊருக்கு இழுத்தார்கள். யார் வீடு நகர்ந்தாலும் அக்கம்பக்கத்தார் தங்கள் எருதுகளோடு வரவேண்டும். வீட்டுக்காரர் பன்றிக்கறியும் அவரைப்பருப்பும் வேகவைத்துப் போடவேண்டும். எல்கானாவின் வெள்ளை வீட்டுக்கும் எல்லோரும் வந்தார்கள். மனை வேண்டுமே. லவீனா மட்டும் வரவில்லை. ஆனால் அவளுடைய பக், பிரைட் என்ற எருது ஜோடி வந்தது. அடமானத்தில் அவையும் சேர்த்தி என்று ஷெரீப் காலையிலேயே ஓட்டி வந்திருந்தார்.

முன்னால் பூட்டிய அந்த ஜோடி, லவீனாவின் வாசல் வந்ததும் நின்றுவிட்டது. அவற்றுக்கு அதுதான் வீடு. அடித்தும் அசையவில்லை. பின்னால் மாடிவீடு நடுரோட்டில் நின்றது. எல்கானா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"நீ ஒரு குரல் கொடுத்தா போயிடும், லவீனா."

"கேக்கறது யாரு? ரயில்காரனா, வங்கிக்காரனா?"

"ஜோயலோட சிநேகிதன் கேக்கறேன்னு வச்சுக்கயேன்."

"அவனையும் அந்தக் குழியிலயே போட்டு மூடிட்டோம்னு நினைச்சுக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கையும் பிரைட்டையும் அவிழ்த்துவிட்டு வேறு ஜோடியைப் பூட்டினார்கள். பூட்டிய கைகளெல்லாம் அவளைப்போலவே அடமானம் எழுதிக் கொடுத்த கைகள். வீடு போய்ச் சேர்ந்தது.

புது ஊருக்கு விட்காம் என்றே பெயர் வைத்தார்கள். அவர் செத்ததும் கல்லறையில் 'ஊரின் தந்தை' என்று பொறித்தார்கள்.

லவீனா அதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. பண்ணை ஏலம் போன வசந்தத்தில் அவருடைய ஸ்டேஷனிலேயே டிக்கெட் எடுத்து, அவருடைய ரயிலிலேயே கான்சாஸிலிருந்த மகளிடம் போனாள். வழியனுப்ப எங்களில் ஒருவரும் போகவில்லை.