ஆணி பூட்ஸைக் கழற்றியவன் நான்

சிவகாசியில் இரண்டு லேத் பட்டறை, விருதுநகரில் மாடி வீடு, ஓடுகிற லாரி மூன்று, பட்டம் வாங்கிய மகள்கள் இருவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் உண்டாக்கியவை இவ்வளவும். தூக்கிவிட ஓர் ஆள் கிடையாது. தற்பெருமை என்றால் அப்படியே இருக்கட்டும். செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள் என்பதற்குச் சாட்சி, போன வாரம் தபாலில் வந்த விழா மலர். நான் முதன்முதலில் மெக்கானிக்காக இருந்த ராணுவ லாரிப் பட்டறையின் மலர். எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தேன். நடுப்பக்கத்தில் ஒரு வரி: ‘மேலதிகாரிகளின் பெருந்தன்மையால் ரிசர்வ் படை மெக்கானிக் வேலைகள் சிவில் வேலைகளாக மாற்றப்பட்டன.’ கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். அதே பெருந்தன்மைதான்!

மலரின் மை வாசம் பூட்ஸ் பாலிஷ் வாசத்தை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. சீனச் சண்டை முடிந்திருந்த சமயம். ஆறு நாள் லாரிக்கு அடியில் ரிப்பேர், ஞாயிற்றுக்கிழமை கவாத்து. ரிசர்வ் படையில் பேர் இருந்தால்தான் பட்டறையில் வேலை. பேரை வெட்டினால் வேலையும் போச்சு. ஏழு நாளும் காலில் இரும்பு ஆணி அடித்த பூட்ஸ். எனக்குக் கொடுத்தது இரண்டு அளவு பெரிது. நாரணாபுரத்தில் வெடி சுற்றுகிற தாளை வாங்கி முனையில் திணித்துக்கொள்வேன். கவாத்தில் நான் நின்ற பிறகும் என் பூட்ஸ் ஓர் எட்டு கூடுதலாக நடக்கும் என்று கேலி பேசுவார்கள். பொய் இல்லை, நடக்கத்தான் செய்தது.

ஒரு நாள், பயிற்சி முகாமுக்குச் சத்தவெடி ஏற்றப் போன எங்கள் லாரி, எம். புதுப்பட்டியில் ஒரு வெடிக் கம்பெனிக்குள் பிரேக் இறுகி நின்றுவிட்டது. வெடிமருந்து கலக்கும் அறைக்குப் பத்தடி தள்ளி. சுபேதாரும் நானும் போனோம். அங்கே திரி சொருகும் செல்லத்தாய் வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

“அண்ணே, அங்கனயே நில்லுங்க. ஆணி கல்லுல ஒரசுச்சுன்னா இன்னைக்கே தீவாளிதான்.”

“சர்க்கார் பூட்ஸு தாயி. டூட்டில கழட்டக் கூடாது.”

“அப்ப சர்க்கார் பூட்ஸு வெளிய நிக்கட்டும், நீக மட்டும் உள்ள வாங்க.”

“கழட்டாதே!” என்றார் சுபேதார். ஆனால் அவர் வாசலைத் தாண்டவில்லை, அதையும் கவனியுங்கள். நான் கழற்றினேன். ஸ்பானரில் ஈரச்சாக்கைச் சுற்றி, ஊர்ந்து போய்ப் பிரேக்கைத் தளர்த்தினேன். இன்ஜினைத் தொடவே இல்லை. கம்பெனி ஆட்களோடு சேர்ந்து லாரியைத் தள்ளியே வெளியே கொண்டுவந்தோம்.

மறுநாள் மேலதிகாரி முன்னால் விசாரணை.

“டூட்டில வெறுங்காலோட நின்னியா, இல்லியா?”

“நின்னேன் சார். பூட்ஸோட போயிருந்தா கேக்க நீங்களும் இருந்திருக்க மாட்டீக, சொல்ல நானும் இருந்திருக்க மாட்டேன்.”

பேரை வெட்டினார்கள். பூட்ஸையும் வாங்கிக்கொண்டார்கள். திணித்திருந்த தாளை மட்டும் உருவிக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன்.

மனுப் போடலாம் வாருங்கள் என்று கூட்டாளிகளைக் கூப்பிட்டேன். “ஏலே, ஒனக்குப் போன வேலை போகட்டும். எங்களையும் இழுக்காதலே” என்று நழுவினார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து ஞானம்மாள் டீச்சர்தான் நான் சொல்லச் சொல்ல எழுதினார். லாரிக்கு அடியில் படுப்பவனுக்குக் கவாத்து எதற்கு, இதைச் சிவில் வேலையாக்குங்கள் என்பதுதான் சாரம். நடுவே நான் சொன்ன நாலு வார்த்தையை எழுதாமல் பேனாவை மூடிவிட்டார்.

“இதப் போட்டா மனு போகாது தம்பி. நீங்கதான் போவீங்க, ஜெயிலுக்கு.”

மூன்று மனு. மூன்றிலும் ஒரே கையெழுத்து, என்னுடையது. ஒன்றரை வருடம் கழித்து உத்தரவு வந்தது. வேலைகள் எல்லாம் சிவில் வேலை, கவாத்து கிடையாது. ஆனால் அன்றைக்கு வேலையில் இருந்தவர்களுக்கு மட்டும்! கையெழுத்துப் போட மறுத்தவர்கள் பென்ஷன் வரைக்கும் இருந்தார்கள். நான் லேத் கற்றுக்கொள்ளப் போனேன்.

எனக்கு வந்த உத்தரவு நகல் இன்றைக்கும் பீரோவில் இருக்கிறது. அதன் தலைப்பில், எந்த மனுவைப் பார்த்துப் போட்ட உத்தரவு என்று காட்டும் ‘பார்வை’யில், என் பேரும் மூன்று மனுவின் தேதியும் இருக்கின்றன. அன்றைக்கே டீச்சர் விரலை வைத்துக் காட்டினார். மலரிலும் அதே உத்தரவைப் படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். தலைப்பு மட்டும் இல்லை. தலையை வெட்டிவிட்டு முண்டத்தை அச்சடித்திருக்கிறார்கள்!

“ரெண்டு வெறுங்காலுக்கு இம்புட்டுப் பேச்சா?” என்கிறாள் என் வீட்டுக்காரி. ஆமாம், இம்புட்டும்தான்.

அந்தப் பழைய பட்டறைக் கொட்டகையை இடித்தாயிற்று. ஆணி பூட்ஸ் இன்று யார் காலிலும் இல்லை. செல்லத்தாயும் இல்லை, டீச்சரும் இல்லை. கண்ணால் பார்த்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், அந்த உத்தரவுத் தாள் மட்டும் இருக்கிறது. சிவகாசிப் பக்கம் அச்சகத்துக்கா பஞ்சம்? மலரை மறுபடி அடியுங்கள். உத்தரவை முழுசாகப் போடுங்கள், தலையோடு, என் பேரோடு.