இலையின் இடது பக்கம்

சுயம்புராஜ் அண்ணனுக்குக் கண் கோளாறு என்று இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டு நாங்கள் பாட்டுக்கு இருந்திருப்போம்.

தோவாளையில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவருடைய வேனில்தான் நாகர்கோவிலுக்குப் படிக்கப் போகும். குடிக்க மாட்டார், விரட்டி ஓட்ட மாட்டார், மழை பெய்தால் குடை பிடித்துப் பிள்ளைகளை வாசல்வரை கொண்டுவந்து விடுவார். என் வீட்டுக்காரர் துபாயில். அடுத்த வீட்டு அண்ணன் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் மகள் ஜினியை நான் வெளியே அனுப்புவது.

ஒருநாள் தலைவலி என்று படுத்தார், மறுநாள் எழுந்து வண்டியெடுத்தார். அந்த வாரமே ஒரு காலையில் பாதி முகம் மட்டும் சவரம் செய்துகொண்டு வந்து நின்றார். இடது கன்னத்தில் நரைமுடி அப்படியே இருந்தது.

"பிளேடு தீந்து போச்சா அண்ணே?" என்றேன்.

கன்னத்தைத் தடவிப் பார்த்தார், வலது கன்னத்தை. "வழுவழுன்னுல்லா இருக்கு" என்றார். தெருவே சிரித்தது. நானும்தான்.

பிறகு அவர் தங்கை மகள் கல்யாணம் வந்தது. பந்தியில் அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி செல்லத்தாய் மைனி, இடப்பக்கம் நான். இலை போட்டதும் மைனியிடம், "கிரேசி வரலியா?" என்று கேட்டார். பக்கத்திலேயே இருக்கிற என்னைத்தான் கேட்டார்; கேலி பண்ணுகிறார் என்று விட்டுவிட்டேன். வலப்பக்கம் இருந்த அவியலும் துவரன் பொரியலும் தீர்ந்தன. இடப்பக்கத்து உப்பேரி வறுவல், இஞ்சிக்கறி, பச்சடி எல்லாம் தொடாமல் கிடக்க, வாளியோடு விளம்ப வந்தவனைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் உப்பேரி கெடையாதா? பொண்ணுக்க தாய்மாமன் நான், கேட்டியா?"

அவன் இலையைப் பார்த்து முழித்தான். சாம்பார் வழிந்தாலும் வழியட்டும் என்று அவர் இலையைப் பிடித்து இடப்பக்கம் வலப்பக்கமாக வரும்படி திருப்பி வைத்தேன்.

"இப்பமாவது விளம்பினானே" என்று உப்பேரியை எடுத்துக் கடித்தார்.

பிள்ளைகள் ஏறி இறங்குகிற கதவு வேனுக்கு இடப்பக்கம். வீடு திரும்பும் வழியில்தான் அது எனக்கு நினைவுக்கு வந்தது. காலையில் முதல் வேலையாக மைனியிடம் பேச வேண்டும் என்றிருந்தேன். நான் எழுந்து தலைமுடியை அள்ளி முடிவதற்குள் ஹாரன் கேட்டு ஜினி ஓடிவிட்டாள். அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள், வண்டி நகர்ந்தது. கம்பியைப் பிடித்தபடி ரோட்டில் இழுபட்டுப் போனாள். நான் போட்ட சத்தத்தில்தான் நின்றது.

"எல்லாம் ஏறியாச்சுல்லா? வெளிய ஆளே இல்லியே" என்றார் அண்ணன். என் பிள்ளையின் முழங்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "மூளையில வலப்பக்கம் சின்ன ரத்தக்குழாய் ஒண்ணு அடைச்சிருக்கு. கண்ணு அனுப்புறத மூளை வாங்குனாத்தான் நாம பாக்கோம். இவருக்க மூளை இடப்பக்கத்த வாங்கல. வாங்கலங்கதும் இவருக்குத் தெரியாது."

அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார். "கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லியாச்சு. சாவியத் தா."

நான் தரவில்லை. அவரும் விடவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவர் வீட்டில் சத்தம் கேட்டு ஓடினேன். மாற்றுச் சாவியை எப்படியோ தேடிப் பிடித்து, பெஞ்சில் வைத்துவிட்டுச் சட்டை மாட்டியிருக்கிறார். இப்போது சாவியைக் காணவில்லையாம். பெஞ்சில் உட்கார்ந்து, வலப்பக்கம் நின்ற மைனியின் கையை விடாமல் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். சாவி அவருக்கு இடப்பக்கத்திலேயே கிடந்தது. மைனி கண்ணால் எனக்குக் காட்டினாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு இடப்பக்கமாகப் போனேன். அவர் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாவியை எடுத்தேன்.

"நீதான் எடுத்திருக்க" என்று மைனியிடம் சொன்னார். "கிரேசின்னா தரமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லுவா. அவ இப்படிக் களவாங்க மாட்டா."

அவர் கை என்மேல் இடிக்கிற தூரத்தில், சாவியோடு நான் நின்றேன்.