பரவாயில்லையை நம்பாத டாக்டர் குலா

வார்டு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய காலை வணக்க ரோஜாவுக்குக் கீழே அந்தச் செய்தி வந்தது: டாக்டர் குலா தூக்கத்திலேயே போய்விட்டார். பெர்மாஸ் ஜெயா சந்தையில் நின்றிருந்தேன். மீன்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பதினெட்டு வருடம் அவரோடு வேலை பார்த்த தாதி நான். அவர் மயக்க மருந்து நிபுணர். இந்த அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்: ஸ்கேன் திரையில் கண்ணை வைத்து, முதுகுத் தசைக்கு அடியில் ஊசியை நகர்த்தி, மார்பு நரம்புகளை மட்டும் மரத்துப்போக வைப்பார். வலி தலைதூக்கினால் மருந்து ஏற்ற, மெல்லிய குழாய் ஒன்றையும் அங்கேயே விட்டுவைப்பார். நெஞ்சைப் பிளந்து தைத்தவர் வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி நுரையீரலில் தங்கிவிடும். அதுதான் அவருடைய கவலை.

வலி எவ்வளவு என்று கேட்டால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? டாக்டர் மனம் கோணக்கூடாதென்று, "பரவாயில்லங்க டாக்டர்." "இந்தச் சொல்ல நம்பினா ஆஸ்பத்திரிய இழுத்து மூடிடலாம் சிஸ்டர்" என்பார் அவர். அதனால் ஜோக் சொல்லிச் சோதிப்பார். நெஞ்சைப் பிடிக்காமல் சிரித்தால் மருந்து வேலை செய்கிறது. சிரிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் மருந்து.

கோளாறு ஜோக்கில் இருந்தது. சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வே பாலத்து நெரிசலைப் பற்றி ஒன்று வைத்திருந்தார். "காஸ்வே ஜாம்ல பொறந்த பிள்ள, சிங்கப்பூர் போய்ச் சேரும்போது ஐசி கார்டு எடுக்குற பன்னெண்டு வயசாம்." லாயாங் லாயாங்கிலிருந்து வந்த லாரி டிரைவர் முனியாண்டி இதை மூன்று முறை கேட்டும் அசையவில்லை. டாக்டர் மருந்தை எடுக்கப் போனதும் மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயோ, வலி சத்தியமா இல்ல டாக்டர். ஜோக்குதான் நல்லால்ல லா."

வார்டே சிரித்தது. முனியாண்டியும் சிரித்தார், நெஞ்சைப் பிடிக்காமல். டாக்டர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

போன வருடம் அவருக்கே நெஞ்சைத் திறக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை, "வலி எப்படி டாக்டர்?" என்றேன்.

"பரவாயில்ல சிஸ்டர்."

எனக்கு வந்ததே கோபம்! காஸ்வே ஜோக்கை அவருக்கே சொன்னேன். முகம் அசையவில்லை.

"ஜோக் நல்லாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. கண் கலங்கியிருந்தது. "வலிக்குது சிஸ்டர்."

சாய்த்துப் பார்த்தால் முதுகுக் குழாய் நழுவி வெளியே கிடந்தது. இன்னொரு டாக்டர் வந்து மறுபடி போட்டார். மத்தியானம் வார்டு அதிர இருமினார்.

நேற்று அவர் வீட்டில், அவர் மனைவி வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கீங்கக்கா?" என்றேன். "பரவாயில்லமா" என்றார். கூட வந்தவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. அவரை உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வாய்விட்டு அழுதார்.

நல்ல ஜோக் எதையும் டாக்டர் விட்டுப்போகவில்லை. அந்தச் சொல்லை நம்பாத குணத்தை விட்டுப்போயிருக்கிறார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.