டிசம்பர் மாத எண்ணெய்

1992ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் அல்ஸ்னே ஊர் ஜனங்களுக்குத் திட்டுவதற்கு இரண்டு ஆட்கள் இருந்தார்கள். ஒன்று அரசாங்கம். அது தலைநகரம் வில்னியஸில், பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தது. இன்னொன்று யாத்விகா. அவள் மூன்றாம் பிளாக்கில், இரண்டாம் மாடியிலேயே இருந்தாள். கைக்கெட்டியவளைத்தான் திட்டினார்கள்.

ஊரின் அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் சூடு போவது ஒரே பாய்லர் கூடத்திலிருந்து. அங்கே எண்ணெய் எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, குழாய் வழியாக வீட்டுக்கு வீடு ரேடியேட்டருக்கு அனுப்புவார்கள். யாத்விகா அங்கே பத்தொன்பது வருஷமாக ஆபரேட்டர். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் இறந்த பிறகு கிடைத்த வேலை. பொம்பளைக்கு எதுக்கு பாய்லர் என்று சிரித்தவர்கள்கூட, இரும்பின் சத்தத்தை வைத்தே எந்த வால்வு ஒழுகுகிறது என்று அவள் சொல்வதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் எண்ணெய் வரவில்லை. பழைய வல்லரசிலிருந்து நாடு தனியாகப் பிரிந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கிழக்கே இருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய்க்கு இப்போது உலகச் சந்தை விலை கேட்டார்கள். அக்டோபரில் பாய்லர் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் எரிந்தது. வீட்டுக்குள் ஜனங்கள் கோட்டு போட்டுக்கொண்டு பீட்ரூட் சூப் குடித்தார்கள்.

முதல் மாடியில் இருந்த மாட்டு டாக்டர் லியுதஸ், ரிடையர் ஆனவர், யாத்விகா படியேறும்போதெல்லாம் கதவைத் திறந்து கேட்பார்: “ஏம்மா, உன் சுதந்திரம் இன்னிக்கு எத்தனை டிகிரி?”

“பன்னெண்டு, டாக்டரய்யா.”

“நேத்து பதிமூணு இருந்துச்சே? சுதந்திரம் குறையுதே!”

அது ‘உன் சுதந்திரம்’ ஆனதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் ஜனவரியில், பிரிவதைத் தடுக்க அந்த வல்லரசின் டாங்கிகள் வில்னியஸ் தெருக்களில் வந்து நின்றபோது, ஊரிலிருந்து போன பஸ்ஸில் முதலில் ஏறியவள் யாத்விகா. பாராளுமன்றத்துக்கு முன்னால் பனியில் நின்று, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது ஊரே கட்டிப்பிடித்தது. இப்போது அதே ஊர், குளிருக்கு ரசீது கேட்பது போல அவளிடம் வந்து நின்றது. அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவள் கேட்ட சுதந்திரத்தில் குளிரும் சேர்ந்திருக்கும் என்று அவளிடம் யார் சொன்னார்கள்?

அக்டோபர் கடைசியில் பாராளுமன்றத் தேர்தல். அந்தத் தொகுதியில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு விழவில்லை. அதனால் முதல் இரண்டு பேரை வைத்து நவம்பர் பதினைந்தாம் தேதி இரண்டாம் சுற்று. ஒருவர் ராபோலஸ், பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார், சுதந்திர இயக்கத்து ஆள். வில்னியஸ் பஸ்ஸில் யாத்விகாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர். இன்னொருவர் புர்னேய்கா, பழைய கூட்டுப்பண்ணைத் தலைவர். பழைய கட்சியில் இருபது வருஷம் இருந்துவிட்டு, கட்சி பேர் மாற்றிக்கொண்டபோது கூடவே கோட்டின் பொத்தானையும் மாற்றிக்கொண்டவர்.

தேர்தலுக்கு ஆறு நாள் முன்னால், பகல் பதினோரு மணிக்கு, பாய்லர் கூடத்து வாசலில் ஒரு டேங்கர் லாரி வந்து நின்றது. முன்னால் நாட்டுக் கொடியின் நிறத்தில் மஞ்சள், பச்சை, சிவப்பு ரிப்பன். அதிலிருந்து புர்னேய்கா இறங்கினார். எங்கிருந்தோ ஜனங்கள் ஓடி வந்தார்கள். அவர் எல்லோருக்கும் கை கொடுத்தார்.

“யாத்விகாம்மா, இந்தாங்க எண்ணெய். ஜனங்களைச் சூடா வையுங்க!”

கைதட்டல். யாத்விகா டிரைவரிடம் சலானை வாங்கிக் கையெழுத்துப் போடப் போனாள். பேனா நின்றது. ‘அல்ஸ்னே, டிசம்பர் ஒதுக்கீடு’ என்று அச்சாகியிருந்தது.

“இது எங்க ஊருக்கே வர வேண்டிய டிசம்பர் மாச எண்ணெய்தானே?” என்றாள் டிரைவரிடம்.

“எனக்கென்னம்மா தெரியும்? ஏத்தச் சொன்னாங்க, ஏத்தினேன். ரிப்பனையும் அவங்கதான் கட்டினாங்க.”

அவளுடைய மேலாளர் கோஸ்டஸ் காதருகே வந்தான். “கையெழுத்துப் போடுக்கா.”

“பாதியை வச்சுக்கலாம் கோஸ்டஸ். டிசம்பர்ல என்னத்த எரிப்போம்?”

“நகரசபையிலருந்து போன் வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் முழுச் சூடு. எனக்கு வேலை வேணும்க்கா, உனக்கும் வேணும்.”

கையெழுத்துப் போட்டாள். போடாமல் என்ன செய்வாள்? எதிர் பிளாக்கில் எட்டு மாதக் குழந்தைக்கு நெஞ்சுச் சளி.

அன்று மாலைக்குள் வீடுகள் கொதித்தன. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான்காம் பிளாக்கில் வரிசையாக ஜன்னல்கள் திறந்திருந்தன. சூடு தாங்கவில்லையாம். ஒருவன் பனியனோடு ஜன்னலில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஜன்னலை மூடுங்கய்யா!” என்று கீழே நின்று கத்தினாள்.

“காசு கட்டியாச்சு அக்கா!”

நேரே ராபோலஸ் வீட்டுக்குப் போனாள். பாய்லர் சூடு எட்டாத பழைய மர வீட்டில், அவர் பியானோ முன்னால் ஸ்கார்ஃபோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னாள். வாத்தியார் முகத்தைத் தடவிக்கொண்டார்.

“அசிங்கம்தான். ஆனா இந்தச் சேத்துல இறங்கி நான் ஓட்டு கேக்கணுமா யாத்விகா?”

“இறங்குங்க வாத்தியாரே. நாங்க எல்லாரும் அதுலதான நிக்கிறோம்.”

“நான் அரசியல் சட்டத்தைப் பத்திப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன். ஜனங்க யோசிக்கணும்.”

“குளிர்ல யோசனை வராது வாத்தியாரே!”

அவர் வருத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. புர்னேய்காவாவது கேட்டால் பதில் சொல்வான்.

வெள்ளிக்கிழமை கலாச்சார மாளிகையில் புர்னேய்காவின் கூட்டம். பக்கத்து வீட்டு டெக்லேயைக் கூட்டிக்கொண்டு போனாள். டெக்லே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், முப்பது வருஷத் தோழி. கேள்வி நேரம் வந்ததும் யாத்விகா எழுந்தாள்.

“நீங்க கொண்டு வந்தது உங்க எண்ணெய் இல்ல. எங்க டிசம்பர் எண்ணெய். சலான்ல போட்டிருக்கு. நான் என் கண்ணால பாத்தேன்.”

தலைகளெல்லாம் மேடைப் பக்கம் திரும்பின. இதோ முடிந்தது என்று நினைத்தாள்.

புர்னேய்கா தலையாட்டினார். “அம்மா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. டிசம்பர் எண்ணெய்தான். ஆனா குளிர் டிசம்பர் வரைக்கும் காத்திருந்துச்சா? நவம்பர்லயே வந்து உக்காந்துடுச்சு. யார்கிட்டப் பேசினா லாரி கிளம்பும்னு எனக்குத் தெரிஞ்சுது. பாட்டு வாத்தியாருக்குத் தெரிஞ்சுதா?”

கூடமே சிரித்தது.

“அப்ப டிசம்பர்ல?”

“டிசம்பர்ல நான் வில்னியஸ்ல இருப்பேன்மா. ஜனவரி எண்ணெயைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்!”

கைதட்டல் கூரையைத் தூக்கியது. யாத்விகா திரும்பிப் பார்த்தாள். டெக்லேயும் தட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியில், ரொட்டிக்கடை அருகே யாத்விகா நின்றாள்.

“நீயுமாடி?”

“நான் தட்டினது அவனுக்கில்ல, ரேடியேட்டருக்கு.”

“நான் பொய்யா சொன்னேன்?”

“உண்மைதான்டி சொன்னே. யாரு இல்லேன்னா? உன் உண்மையை வச்சு எனக்குக் கால் சூடாகுமா?”

ஞாயிற்றுக்கிழமை யாத்விகா பள்ளிக்கூடத்துக்குப் போய் ராபோலஸுக்கு ஓட்டுப் போட்டாள். கஷாயம் குடிப்பது போலப் போட்டாள். கதகதப்பாக இருந்த அந்தக் கூடத்தில் ஜனங்கள் ஓட்டுப் போட்ட பிறகும் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூட்டை ஏற்றிவிட்டு வந்தவளும் அவள்தான். புர்னேய்கா இரண்டு மடங்கு ஓட்டில் ஜெயித்தார்.

டிசம்பர் பதினேழாம் தேதி எண்ணெய்த் தொட்டி காலி. வெளியே மைனஸ் பதினெட்டு. கோஸ்டஸ் வில்னியஸுக்குப் போன் மேல் போன் போட்டான். பாராளுமன்ற உறுப்பினர் புர்னேய்கா கமிட்டியில் இருக்கிறார் என்றார்கள். யாத்விகா கடிதம் எழுதினாள். பத்து நாளில் பதில் வந்தது. அச்சடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்து.

எண்ணெய் போனதைவிட அவள் பயந்தது குழாய்களுக்குத்தான். சூடு இல்லாமல் தண்ணீர் நின்றால் உறைந்து குழாயை வெடிக்க வைத்துவிடும். அப்புறம் எண்ணெய் வந்தாலும் வசந்தம் வரை சூடு கிடையாது. தொட்டி காலியான அன்றே அவளும் கோஸ்டஸும் அடித்தளம் அடித்தளமாக இறங்கி, ஒவ்வொரு பிளாக்கின் தண்ணீரையும் வடித்தார்கள். இரண்டு நாள் முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். மேலேயிருந்து ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள்.

“இருந்த கொஞ்சச் சூட்டையும் புடுங்குறாளே, பாவி!”

“நவம்பர்ல ஜன்னலைத் திறந்து வச்சீங்களே, அப்ப இந்த எண்ணெயை எரிச்சது யாரு?” என்று கேட்டாள். யாருக்கும் அது ஞாபகம் இல்லை. உண்மையாகவே இல்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் வால்வைத் திருகினாள். குழந்தை இருந்த குடும்பங்கள் விறகு அடுப்பு இருந்த பழைய மர வீடுகளுக்குப் போய் ஒண்டிக்கொண்டன. பக்கத்து ஊரில் தண்ணீரை வடிக்காமல் விட்டார்கள். அங்கே ஒன்பது வீடுகளில் ரேடியேட்டர் பிளந்தது.

ஜனவரி இரண்டாம் வாரம் எண்ணெய் வந்தது. இந்தத் தடவை ரிப்பன் இல்லை, கைதட்டலும் இல்லை. குழாய்களில் தண்ணீர் நிரப்பிவிட்டு, யாத்விகா கையில் சாவியோடும் ஒரு டப்பாவோடும் வீடு வீடாக ஏறினாள். ரேடியேட்டரில் அடைந்த காற்றை ஒவ்வொன்றாகத் திறந்துவிட வேண்டும். கம்பளத்தில் துரு தெறித்தது என்று ஒருத்தி சண்டை போட்டாள். டாக்டர் லியுதஸ் மட்டும் டிகிரி கேட்காமல் டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

டெக்லே வீட்டில் இரண்டு மாதத்துக்குப் பிறகு நுழைந்தாள். காற்று உஸ்ஸென்று வெளியேறி, கறுப்பாகத் தண்ணீர் வந்து, இரும்பு மெல்லச் சூடேறியது. டெக்லே கேட்காமலேயே டீயும், உருளைக்கிழங்கு அடையும் கொண்டுவந்து வைத்தாள்.

“அடுத்த தடவை நீயே நில்லேன்டி. நான் ஓட்டுப் போடுறேன்.”

“நீயா? கைதட்டுவே. ஓட்டை வேற எவனுக்காவது போடுவே.”

“போடி.”

யாத்விகா அடையைத் தின்றாள். கோபம் போகவில்லை, பசியும் இருந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.