சின்ன ல

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் பெரிய லாண்டரி ஒன்றில் அவள் மடிப்பு வேலை பார்த்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் மடிப்பக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

மடிப்பு ஒற்றை ஆள் வேலை இல்லை. இஸ்திரி போடும் சூடான உருளையிலிருந்து வழிந்து வரும் விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ஓர் உதறு உதறி, எட்ட நின்று இழுத்து, பிறகு கிட்டே வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எதிர்முனையில் நிற்பவள் வாயாடி. அந்தப் பட்டத்தை யாரும் அவளுக்குச் சும்மா கொடுக்கவில்லை. அவளே பாடுபட்டுச் சம்பாதித்தது.

"நாம ரெண்டு பேரும் நாளெல்லாம் கிட்ட வர்றோம், எட்டப் போறோம், கிட்ட வர்றோம். எங்க வீட்டுக்காரர் இதுல பாதி கிட்ட வந்திருந்தா எனக்கு இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருந்திருக்கும்க்கா."

"வாயை மூடு. சூப்பர்வைசர் வர்றாரு."

"வரட்டுமே, அவரும் கேட்டுட்டுப் போகட்டும்."

மடிப்பக்கா சிரிப்பையும் விரிப்போடு சேர்த்து மடித்து வைத்துவிடுவாள். உதறும்போது காற்று புகுந்து, துணி ஒரு கணம் கூரை மாதிரி எழும்பி நிற்கும். அந்தக் கணத்தில் வாயாடி இல்லை, உருளையின் உறுமல் இல்லை, சுற்றிலும் வெள்ளை மட்டும்தான். அந்த வெள்ளைக்குள் நின்று அவள் ஒரே ஒரு வேண்டுதல் வைப்பாள். கடவுளே, அவர் வாசலைத் தாண்டட்டும்.

அவர் என்பது அவள் புருஷன். ஊருக்கெல்லாம் பெயிண்டர். சுவர், கேட், ஜன்னல் கம்பி என்று அந்த வட்டாரத்தில் அவர் தூரிகை படாத இடம் குறைவு. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். ஒரு கண் மங்கியது, மற்றது அதன் பின்னாலேயே போனது. போனது போனதுதான், ஆனால் மனுஷன் வெளியே நடமாட வேண்டும், உட்கார்ந்தே இருந்தால் காலோடு மனசும் மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பெயிண்டர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்குள் எதிலும் இடிக்காமல் நடப்பார், தேநீர் போடுவார், துணியைக்கூட உலர்த்துவார். வாசல்படி வந்ததும் கால் நின்றுவிடும்.

"விழுந்துடுவோம்னு பயமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"விழுந்தா எழுந்துக்க மாட்டேனா? தெருப்பூரா நான் அடிச்ச சுவரு. அதுங்க முன்னாடி கம்பைத் தட்டிக்கிட்டுப் போகச் சொல்றியா?"

தினமும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்பார்: "வெளிய என்ன?" அவள் சொல்வாள்: "என்ன இருக்கு, ஒண்ணுமில்ல." பொய் சொல்லவில்லை. நாள் முழுக்க வெளியே இருந்துவிட்டு வந்தவளுக்குச் சொல்ல நிஜமாகவே ஒன்றும் நினைவில் இருக்காது. ஒரு தடவை அந்த 'ஒண்ணுமில்ல'யைக் கேட்டு அவர் முகம் திரும்பிய விதத்தைப் பார்த்தாள். வெளியே ஒன்றுமில்லை என்றால் ஒரு மனிதன் எதற்காக வெளியே போவான்?

மறுநாள் துணிக்கட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, பென்சிலால் எழுதினாள். ஆரம்பப் பள்ளியோடு நின்ற கை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. அதை வாசித்துக் காட்டினாள்: "பஸ் தாமதமாக வந்தது. கூட்டம். பூக்கள் அழகாக இருந்தன."

"போலீஸ்ல புகார் குடுக்கப் போறியா?" என்றார் பெயிண்டர். "என்ன பூ? என்ன அழகு? அழகுங்கிறது டப்பா மேல ஒட்டுற லேபிள். டப்பாவைத் திற."

அப்படித்தான் தொடங்கியது. சுவருக்கு வண்ணம் அடித்த கணக்கிலேயே அவர் வாக்கியத்தையும் பார்த்தார். "ரெண்டு கோட் அடிச்சிருக்க. வெள்ளை வெளேர்னு பளபளன்னு, ஏன் இத்தனை? ஒண்ணு போதும்." "இங்க பழசைச் சுரண்டாமலே புதுசு அடிச்சிருக்க, நாளைக்கு உரிஞ்சிடும்." அவளுக்குக் கோபம் வரும். காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் தானாக ஜன்னலுக்கு வெளியே போகும். மஞ்சள் என்று நினைப்பாள். என்ன மஞ்சள்? வெயில் பட்டு வெளுத்த திரைச்சீலையின் மஞ்சள். வெளுத்த இடம் மேலே, நிறம் தங்கின இடம் மடிப்புக்குள்ளே. அதை எழுதினாள். அன்றைக்கு அவர் குறை சொல்லாமல், இன்னொரு தடவை வாசி என்றார்.

எழுத எழுத வேறு சிலதும் நடந்தது. நீண்டு கிடந்த பஸ் பயணம் சுருங்கிப்போனது. சூப்பர்வைசர் ஒரு நாள் காரணமில்லாமல் சத்தம் போட்டார். மதியம் மூலையில் உட்கார்ந்து அந்த ஆளைக் கிழித்து எழுதிவிடுவது என்று பென்சிலை எடுத்தாள். எழுதும்போதுதான் அவர் சட்டைப் பொத்தான் ஒன்று வேறு நிற நூலில் தைத்திருந்தது ஞாபகம் வந்தது. ஊசி பிடிக்கத் தெரியாத கை தைத்த தையல். வீட்டில் யாரும் இல்லையோ என்னவோ. கோபத்தை அதற்கு மேல் எழுத வரவில்லை. வேண்டுதலும் மாறியது. முன்பெல்லாம் கடவுளிடம் போனால் கேட்பது மட்டும்தான் வேலை. இப்போது, இன்றைக்குப் பார்த்த அந்தத் திரைச்சீலைக்கு நன்றி என்று சொல்ல ஒன்று இருந்தது.

"என்னக்கா, உதறி முடிச்சும் மேலேயே பாத்துக்கிட்டு நிக்கிற? கூரையில யாரு?"

"யாருமில்ல. இந்த வெள்ளைக்கு ஒரு வார்த்தை தேடுறேன்."

"வெள்ளைக்கு வெள்ளைன்னுதான் பேரு. கையை நீட்டு."

கனவிலும் அதுவே வந்தது. கொடியில் துணிக்குப் பதில் எழுத்துகள் காய்ந்தன. ஈரம் சொட்டச் சொட்ட அவள் ஒவ்வொன்றாகக் கிளிப் மாட்டினாள். காற்றடித்தது. எழுத்துகள் உப்பி எழுந்து, கொடியோடு கூரைகளின்மேல் மெல்லப் போயின. அவளும் கூடவே போனாள். கால் தரையில் படவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை.

ஆனால் பெயிண்டர் வாசலைத் தாண்டவில்லை. அதோடு, வரவர அவர் கேள்வி கேட்பதும் குறைந்தது. ஒரு சாயங்காலம் அவள் பாதி வாசிக்கும்போதே கையை உயர்த்தினார்.

"போதும்மா. இனிமே நிறம் வேண்டாம்."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் எழுதுற. முன்னாடி நீ மஞ்சள்னு சொன்னா உள்ள மஞ்சள் வரும். இப்போ வார்த்தை மட்டும் வருது. நிறம் வரல. காலி டப்பாவைத் திறந்து திறந்து பாக்கிற மாதிரி இருக்கு."

அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசல் பக்கம் இழுக்கிறோம் என்று நினைத்து, மனிதரை இன்னும் உள்ளே தள்ளிவிட்டோமே என்று இருந்தது. அதன் பிறகு எழுதவில்லை. 'வெளிய என்ன' என்று அவரும் கேட்கவில்லை. பஸ் மறுபடி நீண்டது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தும், எதுவும் அவளிடம் வரவில்லை.

பழகின கை சும்மா இருக்குமா? ஒரு விடுமுறை நாள். பிற்பகல் வெயில் மாடிப்படி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, திறந்திருந்த வாசலுக்கு நேரே கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள் தனக்கென்று ஒரு வரி எழுதினாள்.

"பென்சில் சத்தம் கேக்குதே" என்றார் பெயிண்டர் நாற்காலியிலிருந்து. "படி."

"நிறம்லாம் எதுவுமில்ல."

"சரி படி."

அவள் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி அப்படியே படித்தாள்: "ஒலி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, நம் வாசலில் நின்றது. உள்ளே வரலாமா என்று யோசிக்கிறது."

பெயிண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலை வாசல் பக்கம் சாய்ந்தது. காது கொடுத்துக் கேட்டார். மூச்சைக்கூட மெல்ல விட்டார்.

"யாரு?" என்றார் தணிந்த குரலில். "செருப்பில்லாத காலா?"

அப்போதுதான் அவள் காகிதத்தைப் பார்த்தாள். வெளிச்சத்தைத்தான் எழுத நினைத்தாள். குண்டு ள போட்டு ஒளி என்று எழுத வேண்டிய இடத்தில், சின்ன ல போட்டு ஒலி ஆக்கியிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு அந்த இரண்டும் தகராறு. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவர் முகம் அப்படி விழித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் கண் தெரியாதவரை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

"ஏங்க, யாரும் இல்லங்க. வெயிலைத்தான் எழுதினேன். குண்டு ள போடாம சின்ன ல போட்டுட்டேன்."

பெயிண்டரின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு அத்தனை காலம் ஆகியிருந்தது.

"அடிப்பாவி, படி முழுக்க ஆளைத் தேடிட்டேனே. இங்க பாரு, அதைத் திருத்தாத. நீ சரியா எழுதினதெல்லாம் எனக்கு எட்டாமப் போச்சு. தப்பா எழுதினது நேரா வந்துடுச்சு."

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் ஒரே இரைச்சல்தான். கொஞ்சம் கொஞ்சமாக அது பிரிந்தது. நின்று கிளம்பும்போது பஸ் விடும் பெருமூச்சு. பக்கத்துச் சீட்டில் யாரோ மிட்டாய் உறையை, சத்தம் வராமல் பிரிப்பதாக நினைத்து, ஊர் கேட்கப் பிரிப்பது. விரிப்பு உதறும் சத்தத்தில்கூட ஈரம் மிச்சமிருந்தால் ஒரு கனம் இருந்தது. இத்தனை வருஷம் காதை எங்கே கழற்றி வைத்திருந்தோம் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள். பெயிண்டர் பழையபடி கோட் கணக்குப் பார்த்தார், சுரண்டச் சொன்னார், இன்னொரு தடவை வாசி என்றார்.

பிறகு அந்தப் பூங்கா கேட் வந்தது. தெருக்கோடியில் உள்ள சின்னப் பூங்கா. வரும் வழியில் உள்ளே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வந்தவள் அன்று இப்படி வாசித்தாள்: "பூங்கா கேட்டைத் தள்ளினேன். பசித்த பூனை போலக் கத்தியது."

"எந்த கேட்? பச்சை கேட்டா?"

"அதேதான்."

"அது கத்தாது. அதுக்கு பெயிண்ட் அடிச்சது நான். கீல்ல இருந்த துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, அப்புறம்தான் அடிச்சேன். வாயே திறக்காது."

"திறந்துச்சே. நான் கேட்டேன்."

"பூனைன்னு போட்டா படிக்க நல்லா இருக்கும்னு போட்டிருப்ப."

அந்த வீட்டில் உப்புக்கும் புளிக்கும் எத்தனையோ தடவை அவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவர் சொன்னால் சரி என்று போவதுதான் அவள் வழக்கம். இது வேறு. அந்தப் பூனைக்காக அவள் கேட்டைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்திருந்தாள். குழந்தை, கதவு, வண்டிச்சக்கரம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துத் தள்ளிவிட்டு, கடைசியில்தான் பூனை வந்தது.

"நல்லா இருக்குன்னு ஒண்ணை எழுதுறவ இல்ல நான். இருந்ததைத்தான் எழுதுவேன். சந்தேகம்னா நீங்களே வந்து கேளுங்க."

வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். பெயிண்டர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"செருப்பு எங்க கிடக்கு?" என்றார்.

அவள் எடுத்து வந்து காலடியில் வைத்தாள். குனிந்தபோது உதடு அசைந்தது. வேண்டுதல்தான், ஆனால் இந்தத் தடவை வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. கடவுள் அதையும் வாசித்துக்கொள்வார்.

வாசல்படியில் அவர் கால் நின்றது. அவள் இழுக்கவில்லை. "பூனையாம்" என்று முணுமுணுத்துக்கொண்டு அவரே அடுத்த அடியை வைத்தார். தெருவில் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்திருந்தார். மற்ற கை, போகிற வழியில் சுவர்களைத் தொட்டுத் தொட்டு வந்தது. எந்தச் சுவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மாலைக் காற்று மெதுவாக எதிரே வந்து விலகிப்போனது. கால் தரையில் படுகிறதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கேட்டின்மேல் கை வைத்து மெல்லத் தள்ளினார். அது கத்தியது.

"ம்" என்றார். இழுத்தார். தள்ளினார். காதைக் கீலுக்குக் கிட்டே கொண்டுபோனார். "பூனைதான். ஆனா பசி இல்ல."

"பின்ன?"

"தூங்கிக்கிட்டிருந்ததை எழுப்பிட்டோம்னு கோபம்."

"பசிதாங்க. கடைசியில இழுக்குது பாருங்க."

"எங்க இழுக்குது? இரு, கேளு."

மறுபடி தள்ளினார். பின்னால் ஒரு மனிதர் காய்கறிப் பையோடு வந்து, இவர்கள் கேட்டை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி பொறுமையாக நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏங்க, நீங்க உள்ள போறீங்களா, வெளிய வர்றீங்களா?"

"வெளிய வந்தாச்சு, இப்போ உள்ள போறோம்" என்றார் பெயிண்டர். கேட்டை அகலத் திறந்து பிடித்து அந்த மனிதருக்கு வழிவிட்டார். பிறகு அவள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, முன்னால் போனவரின் காலடியில் சரளைக்கல் நெறுநெறுக்கும் சத்தத்தைப் பின்பற்றி நடந்தார்.